புதிதாக வாங்கிய டரான்டுலா: இனம் கண்டறிவது முதல் பெட்டி அமைப்பது வரை முழுமையான வழிகாட்டி

டரான்டுலா வாங்கியவர்கள் முதலில் கேட்பது "இது என்ன இனம்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் பல நேரங்களில் முதல் நாளே அதற்கு உறுதியான பதில் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் சிலந்தியை நல்லபடியாக வைத்துக்கொள்ள முடியும். முதல் நாள் தெரிந்தாக வேண்டியது ஒன்றுதான்: இது தரையில் வாழ்வதா, வளை தோண்டி உள்ளேயே இருப்பதா, மரத்தில் வாழ்வதா? பெட்டியின் உயரம், மண்ணின் ஆழம், ஈரம், காற்றோட்டம் எல்லாம் இதை வைத்தே முடிவாகும். சரியான பெயர் பிறகு வரட்டும். பெரும்பாலும் அது சிலந்தி உரித்துப் போடும் தோலோடுதான் வரும்.

வந்த அன்று

சிலந்தி வந்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். பயணத்தில் குலுங்கி வந்த சிலந்தி மிரண்டு போயிருக்கும். மூடியைத் திறந்த கணமே பாய்ந்து வெளியே வரலாம். வெயில் படாத, சத்தம் இல்லாத இடத்தில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒரு இரவு முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

அந்த நேரத்தில் விற்றவரிடம் சில விஷயங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அறிவியல் பெயர் என்ன? வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? கடைசியாக எப்போது தோலுரித்தது, எப்போது சாப்பிட்டது? பழைய தோல் கைவசம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பிராக்கிபெல்மா, பொயிசிலோதீரியா ஆகிய டரான்டுலாப் பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே நாடு விட்டு நாடு வந்த சிலந்தி என்றால் அதற்கு அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். உங்கள் நாட்டில் வளர்க்க அனுமதி உண்டா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

காட்டில் பிடித்த சிலந்தியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒட்டுண்ணியோடு வரும் வாய்ப்பு அதிகம், வயதும் தெரியாது. அதோடு, ஒரு பெண் டரான்டுலா முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல வருடம் ஆகும் என்பதால், காட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றும் அங்கே பெரிய இழப்பு.

உடல் சொல்லும் அடையாளங்கள்

டப்பா ஒளி ஊடுருவுவதாக இருந்தால், சிலந்தியை வெளியே எடுக்காமலேயே மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தலைமார்பு (தலையும் மார்பும் ஒன்றாக இணைந்த முன்பகுதி), வயிற்றின் மேல்புறம், முன்கால்களின் அடிப்பகுதி, பாதம் ஆகிய நான்குக்கும் தனித்தனிப் படம் வேண்டும். முன்காலின் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்காலின் நுனி வரை குறுக்காக அளந்தால் வருவது கால் விரிவு. இனி சொல்லப்போகும் அளவுகள் எல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் பாதத்தைப் பாருங்கள். மரத்தில் வாழும் இனங்களுக்குப் பாதம் அகலமாக, அடர்ந்த மென்முடியோடு தட்டையாகத் தெரியும். கால்கள் நீளம், வயிறு சிறுத்து உடல் இலேசாக இருக்கும். தரைவாசிகள் கனத்த உடலோடு இருப்பார்கள். கால் நுனியை நோக்கி மெலியும். வளைவாசிகளிலும் உடல் கனம்தான், பதுங்கும் குணம் இன்னும் அதிகம். கிழக்கு ஆப்பிரிக்காவின் பெலினோபியஸ் மியூட்டிகஸ் போன்ற சிலவற்றில் பின்னங்கால்கள் மற்றவற்றைவிடத் தடித்திருப்பது பார்த்ததுமே தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறி நிற்கிறது என்பதற்காக அதை மரவாசி என்று முடிவு கட்டாதீர்கள். டரான்டுலாவின் பாத முடி வழுவழுப்பான பரப்பிலும் ஒட்டும். புது இடத்தில், அதுவும் மண் ஈரமாக இருந்தால், தரைவாசிகளும் சுவரேறும். அப்படி ஏறி விழுந்துதான் பல சாகின்றன.

அடுத்தது, இது அமெரிக்கக் கண்டங்களின் இனமா, ஆசிய, ஆப்பிரிக்க இனமா என்பது. இதில் உங்கள் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் அரிப்பு முடி உண்டு. மிரண்டால் பின்னங்காலால் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். வயிற்றின் மேல் முடி உதிர்ந்து வழுக்கையான திட்டு தெரிந்தால் அது அமெரிக்க இனம் என்பதற்கு வலுவான அடையாளம். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு இந்த முடி கிடையாது. அதற்குப் பதிலாக வேகமும் கடுமையான நஞ்சும் உண்டு. பொயிசிலோதீரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கலாம். விதிவிலக்கும் உண்டு: சால்மோபியஸ் பேரினம் அமெரிக்காவைச் சேர்ந்தது, ஆனால் அரிப்பு முடி இல்லை, மின்னல் வேகம். அதனால் இனம் தெரியும் வரை உங்கள் சிலந்தி வேகமாக ஓடும், கடிக்கும், முடியும் எறியும் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

நிறமும் கோலமும் சில இனங்களில் நன்றாகவே கைகொடுக்கும். பிராக்கிபெல்மா ஹமோரிக்குக் கரிய காலில் ஆரஞ்சு முட்டி. அகாந்தோஸ்குரியா ஜெனிகுலாட்டாவுக்கு முட்டிகளில் அகலமான வெள்ளைப் பட்டை. கிராமோஸ்டோலா புல்கிரிப்ஸின் முட்டியில் நீளவாக்கில் பொன்னிறக் கோடு. திலில்டோகாட்ல் அல்போபிலோசஸின் மேல் சுருள் சுருளாக நீண்ட முடி. குரோமாடோபெல்மா சயனியோபுபெசென்ஸ் வளர்ந்ததும் நீலக் கால், ஆரஞ்சு வயிறு, பச்சை கலந்த நீலத் தலைமார்பு. வேறு எதோடும் குழம்பாது. பொயிசிலோதீரியாக்களின் வயிற்றில் இலை வடிவக் கோலமும், முன்கால்களின் அடியில் கறுப்போடு மஞ்சளோ வெள்ளையோ கலந்த பட்டைகளும் இருக்கும். ஆப்பிரிக்காவின் செரட்டோகைரஸ் இனங்கள் பலவற்றில் தலைமார்பின் நடுக்குழியில் கொம்பு மாதிரி ஒன்று எழுந்து நிற்கும்.

குட்டிகள் விஷயம் வேறு. அவிகுலேரியா அவிகுலேரியா வளர்ந்தால் உடல் கறுத்துப் பாத நுனி மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும். குட்டியில் அப்படியே தலைகீழ், காலெல்லாம் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. மார்டினிக் தீவின் கேரிபெனா வெர்சிகலர் குட்டி பளீர் நீலம். வளர வளரப் பச்சையும் சிவப்பும் ஊதாவுமாக மாறிவிடும். தோலுரிக்கும் முன் எல்லா நிறமும் மங்கிப் பழுப்பாகும். ஆகவே ஒரு சென்டிமீட்டர் குட்டியின் படத்தைப் பார்த்து யாராவது இனத்தை அடித்துச் சொன்னால், அதை ஒரு ஊகமாக மட்டும் குறித்து வையுங்கள்.

பெயர்ச்சீட்டை எவ்வளவு நம்பலாம்

வணிகப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அது பெரிதாகப் பயன்படாது. "ரோஸ் ஹேர்" என்ற பெயரில் கிராமோஸ்டோலா ரோசியாவும் வரும், கிராமோஸ்டோலா போர்ட்டரியும் வரும். அறிவியல் பெயர் இருந்தாலும் அது பழையதாக இருக்கலாம். நெடுங்காலம் பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்று விற்கப்பட்ட ரெட் நீ (சிவப்பு முட்டி) சிலந்திகளில் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹமோரி என்பது 2017-இல் வந்த மறுஆய்வில் தெளிவானது. மெக்சிகோவில் ஸ்மித்தி கெரேரோ மாநிலப் பகுதியிலும், ஹமோரி கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோவகான் பகுதிகளிலும் வாழ்கிறது. சுருள்முடிச் சிலந்தி 2020-இல்தான் பிராக்கிபெல்மாவிலிருந்து திலில்டோகாட்லுக்கு மாறியது. கேரிபெனா வெர்சிகலர் 2017 வரை அவிகுலேரியாவில் இருந்தது. சீட்டில் பழைய பெயர் இருந்தால் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று பொருளல்ல. உலகச் சிலந்திப் பட்டியல் (World Spider Catalog) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; பழைய பெயரைப் போட்டால் இப்போதைய பெயரைக் காட்டும். அந்தப் பெயரை எழுதி, உறுதியாகும் வரை பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உருண்டு திரண்டிருக்கிறதா? அப்படியானால் அது முதிர்ந்த ஆண். பல இனங்களில் முன்காலின் அடியில் கொக்கியும் தெரியும். முதிர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் சில மாதங்கள், அதிகம் போனால் ஓரிரு வருடங்கள்தான் ஆயுள். பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா பெண்களோ 20 வருடத்துக்கு மேலும் வாழும். எதை வாங்கினோம் என்பது தெரிந்திருந்தால், பிறகு வருந்த வேண்டியதில்லை.

பெட்டி

பெட்டி பெரிதாக இருந்தால் சிலந்தி மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். டரான்டுலா உலாவித் திரியும் பிராணி அல்ல. தன் பதுங்கிடத்தின் வாசலில் கால் நுனியை வைத்துக்கொண்டு, அதிர்வுக்காகக் காத்திருக்கும். அதற்கு வேண்டியது நல்ல பதுங்கிடம், சரியான ஆழம், விழுந்தாலும் அடிபடாத உயரம்.

தரைவாசிக்குப் பெட்டியின் நீளம் கால் விரிவைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு, அகலம் சுமார் இரண்டு மடங்கு இருந்தால் போதும். 14 சென்டிமீட்டர் கால் விரிவுள்ள சிலந்திக்கு 40-க்கு 30 சென்டிமீட்டர் தரை தாராளம். உயரத்தில்தான் கவனம் தேவை: மண்ணின் மேல்பரப்பிலிருந்து மூடி வரை கால் விரிவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோலால் ஆனது. கனத்த தரைவாசி உயரத்திலிருந்து விழுந்தால் அது கிழிந்து சிலந்தி செத்துவிடும். உயரமான பெட்டிதான் இருக்கிறது என்றால் வேறு வாங்க வேண்டாம், மண்ணைக் கூடுதலாகப் போட்டு இடைவெளியைக் குறையுங்கள். அதே காரணத்துக்காகக் கூர்மையான கற்களையும் கடினமான அலங்காரப் பொருள்களையும் உள்ளே வைக்காதீர்கள்.

வளைவாசிக்கு மண்ணின் ஆழம்தான் வீடு. கால் விரிவைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழத்துக்கு மண்ணை அடுக்கடுக்காகக் கையால் அழுத்திப் போடுங்கள். பிறகு ஒரு ஓரத்தில் சாய்வாக ஒரு துளை போட்டு, அதன் மேல் மரப்பட்டையை வையுங்கள். அந்தத் தொடக்கம் கிடைத்தால் சிலந்தி மிச்சத்தைத் தானே தோண்டிக்கொள்ளும். அதன் பிறகு மாதக்கணக்கில் கண்ணில் படாமலும் போகலாம். தோண்டிப் பார்க்கக் கூடாது.

மரவாசிக்கு உயரமான பெட்டி. கால் விரிவைப் போல இரண்டு, மூன்று மடங்கு உயரம். மண் ஐந்து சென்டிமீட்டர் போதும். குழாய் போல வளைந்த கார்க் பட்டையை ஒரு மூலையில் சாய்த்து, மேல்முனையைச் சுற்றிச் செயற்கை இலைகளை நெருக்கமாக வையுங்கள். சிலந்தி அங்கேதான் நூல் கட்டும். கதவு எங்கே இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். மேலே திறக்கும் பெட்டியில் சிலந்தி மூடியை ஒட்டியே கூடு கட்டிவிடும். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூடு கிழியும். அதனால் மரவாசிக்கு முன்பக்கம் திறக்கும் பெட்டிதான் நல்லது.

மண்ணுக்குத் தேங்காய் நார்த்தூள், உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டமண், பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரப் பொருள்) ஆகியவற்றில் எதுவும் சரி. நார்த்தூளும் மண்ணும் கலந்தால் வளை இடியாமல் நிற்கும். தேவதாரு, பைன் மரச்சீவல் வேண்டாம், அவற்றின் எண்ணெய் நச்சு. ஈரத்துக்கு எளிய சோதனை உண்டு: ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள், உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா மாதிரியான வறண்ட நில இனங்களுக்கு இந்த மண்ணையும் காயவிட்டு, தண்ணீர்த் தட்டை மட்டும் நிரப்பி வைத்தால் போதும். தெரபோசா போன்ற மழைக்காட்டு இனங்களுக்கு அடிமண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும்.

ஈரப்பத மீட்டரை வைத்துக்கொண்டு தினமும் தண்ணீர் தெளிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மேலே தெளித்த நீர் மேற்பரப்பை நனைத்துப் பூஞ்சையை வளர்க்கும், சிலந்தியையும் எரிச்சலூட்டும். அடிமண் காய்ந்தே கிடக்கும். ஒரு மூலையில் மெதுவாக ஊற்றினால் நீர் அடிக்கு இறங்கும். மறுபக்கம் காய்ந்திருக்கும், தனக்கு எது வேண்டுமோ அங்கே சிலந்தி போய்க்கொள்ளும். இனம் தெரியாத சிலந்திக்கும் இதுவே பாதுகாப்பான ஏற்பாடு: பாதி ஈரம், பாதி காய்ந்தது, நிறைந்த தண்ணீர்த் தட்டு. எந்தப் பக்கம் அதிகம் தங்குகிறது என்று கவனித்தால் அதன் தேவை புரிந்துவிடும். தட்டில் பஞ்சோ ஜெல்லோ வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

காற்றோட்டத்துக்கு ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் துளைகள் இருக்கட்டும். மரவாசிகளில், முக்கியமாக அவிகுலேரியாவிலும் கேரிபெனாவிலும், புழுக்கமான ஈரப் பெட்டி உயிரைப் பறிக்கும். துளையின் அகலம் சிலந்தியின் தலைமார்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தலைமார்பு நுழையும் இடத்தில் மொத்தச் சிலந்தியும் நுழைந்துவிடும். கம்பி வலை மூடியைத் தவிருங்கள். பாத நகம் அதில் மாட்டி, தலைகீழாகத் தொங்கிக் காலை இழக்கும். துளையிட்ட அக்ரிலிக் தகடு நல்லது. மூடி தாழ்ப்பாளோடு இருக்க வேண்டும், பெரிய சிலந்திகள் மூடியை நெம்பித் தள்ளும்.

ஓரிரு சென்டிமீட்டர் குட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை. மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் கப், அதில் பாதிக்கு ஈர மண், ஒரு துண்டுப் பட்டை. சூடாக்கிய ஊசியால் உள்ளிருந்து வெளியே குத்தித் துளை போடுங்கள். அப்போது சொரசொரப்பான விளிம்பு வெளிப்பக்கம் போய்விடும். குட்டிகள் சீக்கிரம் காய்ந்து போகும், ஆகவே வறண்ட நில இனமாக இருந்தாலும் குட்டிப் பருவத்தில் மண்ணின் ஒரு பகுதி ஈரமாகவே இருக்கட்டும்.

வெப்பம் 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். பெட்டிக்கு அடியில் வெப்பத் தகடு வைக்கவே கூடாது. வெயிலுக்குத் தப்பக் கீழே தோண்டுவது சிலந்தியின் இயல்பு. தோண்டத் தோண்டச் சூடு கூடினால் அதற்குப் போக்கிடமில்லை. விளக்கும் வேண்டாம், ஜன்னல் வெயிலும் வேண்டாம். அந்த அறையில் பூச்சிக்கொல்லி ஸ்பிரே, கொசுவர்த்தி, கொசுவிரட்டித் திரவம் எதையும் பயன்படுத்தாதீர்கள். பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும்.

இடம் மாற்றுவது

ஜன்னல், கதவு, மின்விசிறி எல்லாவற்றையும் மூடி நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து செய்யுங்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் புதுப் பெட்டியையும் டப்பாவையும் வையுங்கள். சிலந்தி ஓடினாலும் தொட்டிக்குள்தான் ஓடும். ஒரு ஒளி ஊடுருவும் கப், அதை மூட ஒரு கெட்டி அட்டை, நீளப் பிடியுள்ள மென்மையான ஓவியத் தூரிகை ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அரிப்பு முடி தோலில் பட்டால் ஒட்டுநாடாவால் எடுத்துவிட்டுக் கழுவினால் போகும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் இறங்கிய முடி மாதக்கணக்கில் தொல்லை தரும்.

டப்பாவைப் பெட்டிக்குள் பட்டையின் வாசலைப் பார்த்தபடி படுக்க வைத்து, மூடியைக் கழற்றிவிடுங்கள். சிலந்தி சுருண்டிருக்கும் ஈரத்தாளை இழுக்காதீர்கள். சற்று நேரத்தில் தாளின் மடிப்பிலிருந்து ஒரு முன்கால் நுனி வெளியே வரும். டப்பாவின் விளிம்பை இரண்டு மூன்று முறை தட்டிப் பார்க்கும், நிற்கும், மண்ணைத் தொட்டதும் சட்டென்று பின்வாங்கும். மறுபடி அதே கால், இம்முறை இன்னும் கொஞ்சம் நீளமாக. அவசரப்படுத்தாமல் விட்டால் தானே இறங்கி நடந்து பட்டைக்கு அடியில் போய்விடும். நகரவே இல்லையென்றால் தூரிகையால் பின்னங்காலை இலேசாகத் தொடுங்கள். வாயால் ஊதாதீர்கள்; ஊதினால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. வேகமான இனமென்று சந்தேகம் இருந்தால் திறந்த டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே விட்டு மூடிவிட்டு, மறுநாள் காலி டப்பாவை மட்டும் எடுப்பதுதான் சிறந்த வழி.

முதல் வாரங்கள்

ஒரு வாரம் வரை உணவு வேண்டாம், தண்ணீர் மட்டும். அதன் பிறகு சிலந்தியின் வயிற்றைவிடச் சிறிய பூச்சி ஒன்று. 24 மணி நேரத்தில் சாப்பிடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். சில சிலந்திகள் வாரக்கணக்கில் சாப்பிடாது. வயிறு உருண்டையாக இருக்கும் வரை கவலை இல்லை. வளை வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டாலும் கவலை இல்லை. கையில் எடுத்துப் பழக்குகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். டரான்டுலா பழகாது, கையிலிருந்து விழுந்தால் பிழைக்காது.

கவலைப்பட வேண்டியது வேறு அறிகுறிகளுக்கு. கால்கள் எல்லாம் உடலுக்கு அடியில் சுருண்டு, வயிறு வற்றியிருந்தால் பெரும்பாலும் நீரிழப்பு. வாய்ப்பகுதி தண்ணீரில் படும்படி சிலந்தியைத் தட்டின் விளிம்பில் வையுங்கள். நுரையீரல் வயிற்றின் அடியில் இருப்பதால் வயிறு நனையக் கூடாது. வாயைச் சுற்றி வெள்ளைப் பசை போல ஒட்டி, நாற்றமும் அடித்தால் அது ஒட்டுண்ணிப் புழுவாக இருக்கலாம். உடனே மற்ற சிலந்திகளிடமிருந்து பிரித்து, கருவிகளையும் தனியாக வையுங்கள்.

மல்லாந்து படுத்திருந்தால் செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள். அது தோலுரிக்கிறது. சில மணி நேரம் ஆகும். முடியும் வரை பெட்டியையே அசைக்கக் கூடாது. உள்ளே பூச்சி ஏதும் உயிரோடு இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் ஒரு வெட்டுக்கிளிகூட சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடும்.

உரித்த தோலைப் படிப்பது

சிலந்தி தோலை விட்டு விலகியதும் நீளமான இடுக்கியால் தோலை எடுங்கள். வயிற்றுப் பகுதி கசங்கிச் சிறு பந்தாகக் கிடக்கும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். ஈரமானதும் இரண்டு குச்சிகளால் ஓரங்களை மெல்ல இழுத்தால் நனைந்த காகிதம் போல விரியும். உட்புறம் மேலே வரும்படி பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு இரண்டாக நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவை நுரையீரல்களின் உறை. முன்புற இரண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு ஓடும். அதில் தனியாக எழுந்து நிற்கும் சிறு மடல் இருந்தால் பெண், அதுதான் விந்துப்பை. அங்கே ஒன்றுமில்லாமல் சமமாக இருந்தால் அநேகமாக ஆண். மிகச் சிறிய குட்டியின் தோலில் உருப்பெருக்கி இல்லாமல் இது தெரியாது.

அந்த விந்துப்பையின் வடிவம் பேரினத்துக்குப் பேரினம் மாறும். சிலவற்றில் ஒரே அகலத் தகடு, சிலவற்றில் இரண்டு தனி மொட்டுகள். சிலந்தி அறிஞர்கள் இனத்தைப் பிரிப்பது பெருமளவு இதையும் ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் வைத்துத்தான். இந்தப் படத்தை முதல் நாள் எடுத்த படங்களோடு சேர்த்து அனுபவமுள்ளவரிடம் காட்டினால் கிடைக்கும் பதில், வெறும் நிறத்தைப் பார்த்துச் சொல்வதைவிடப் பல மடங்கு நம்பகமானது. தோலைக் காயவைத்து, தேதி எழுதி, டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.

தோலுரித்த சிலந்தியின் நச்சுப் பற்கள் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பின்பே உணவு: குட்டிக்கு ஒரு வாரம், வளர்ந்ததற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை தண்ணீர்த் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கால் விரிவை அப்போது அளந்து, பெட்டியின் நீளம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் குறைந்திருந்தால் அடுத்த அளவுப் பெட்டிக்கு மாற்றலாம். இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.